மின்னூற்பில் திசுச் சாரம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

மின்னூற்பை, அதாவது உயர்மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலிலிருந்து மெல்லிய இழை எடுக்கும் முறையை (electrospinning), புதிதாகக் கையில் எடுப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு மெல்லிய இழை எடுக்க முடியும்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். மூன்று மாதம் பாடுபட்டு 300 நானோமீட்டர் அளவில் இழை எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் பார்த்த அன்று மனம் நிறைந்திருந்தது. பிறகு அதன்மேல் செல்களை விதைத்து, இரண்டு வாரம் வளர்த்து, குறுக்கே வெட்டிப் பார்த்தேன். செல்கள் அத்தனையும் மேற்பரப்பில் ஓர் அடுக்காகப் படுத்திருந்தன. உள்ளே ஒன்றுகூட இல்லை. நான் செய்து வைத்திருந்தது ஒரு நல்ல வடிகட்டி.

கட்டடத்துக்குச் சாரம் கட்டும்போது கழிகளுக்கு நடுவே ஆள் ஏறிப் போக இடம் விடுகிறோம். செல்லுக்கும் அப்படித்தான். செல்கள் பற்றி வளர்வதற்காக நாம் நூற்கும் இழைவலையைத்தான் திசுச் சாரம் (scaffold) என்கிறோம். இழை எவ்வளவு மெல்லியது என்பதைவிட, இழைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே பெரும்பாலான திசுக்களுக்கு முக்கியம். இந்த வழிகாட்டியை அந்த எண்ணத்தோடுதான் எழுதுகிறேன். முதல் கரைசலிலிருந்து முதல் செல் சோதனை வரை வரிசையாகப் போவோம்.

ஊசி முனையில் நடப்பது

பாலிமர் கரைசலை ஒரு சிரிஞ்சில் நிரப்பி, மெதுவாகத் தள்ளுகிறோம். ஊசியில் பல ஆயிரம் வோல்ட் கொடுக்கிறோம். எதிரே, மண் இணைப்புக் கொடுத்த உலோகத் தட்டு. ஊசி முனையில் தொங்கும் துளியின் பரப்பில் மின்னூட்டம் சேரச் சேர, துளி தன் உருண்டை வடிவை இழந்து கூம்பாகிறது. ஜெஃப்ரி டெய்லர் 1964-இல் இந்தக் கூம்பின் அரைக்கோணம் 49.3 டிகிரி என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்றும் அதற்கு டெய்லர் கூம்பு என்றே பெயர். மின்விசை பரப்பு இழுவிசையை வென்றதும், கூம்பின் நுனியிலிருந்து ஒரு தாரை கிளம்புகிறது. சில சென்டிமீட்டர் நேராகப் போகும். அதன்பின் தன் மின்னூட்டமே தன்னைத் தள்ள, சாட்டையைச் சுழற்றியதுபோலச் சுற்றிச் சுற்றி அலைகிறது. இழை மெலிவது பெரும்பாலும் இந்தச் சுழற்சியில்தான். கண்ணுக்கு அது பல கிளைகளாகப் பிரிந்து விசிறிபோல விரிவதாகத் தெரியும். அதிவேகக் கேமராவில் பார்த்தால் பெரும்பாலும் ஒரே தாரைதான். வேகமாகச் சுழல்வதால் கண் ஏமாறுகிறது. போகும் வழியிலேயே கரைப்பான் ஆவியாகி, உலர்ந்த இழை தட்டில் வந்து படிகிறது.

இதில் புதிது எதுவும் இல்லை. கூலி, மோர்ட்டன் என்ற இருவர் 1902-லேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். 1934-இல் ஆன்டன் ஃபார்ம்ஹால்ஸ் துணிநூல் எடுப்பதற்காக இதே முறையைப் பதிவு செய்தார். அவருடைய முதல் அமைப்பில் ஊசிக்கும் தட்டுக்கும் தூரம் போதவில்லை. இழை உலரும் முன்பே படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பின்னர் தூரத்தைக் கூட்டி அதைச் சரிசெய்தார். உங்கள் முதல் வாரத்தில் நீங்களும் அதே சிக்கலைச் சந்திப்பீர்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

கருவியைத் தொடும் முன் மூன்று கேள்விகள்

எந்தச் செல்? எவ்வளவு ஆழம்? எவ்வளவு காலம்? இந்த மூன்றுக்கும் குறிப்பேட்டில் விடை எழுதாமல் பாலிமர் வாங்காதீர்கள்.

தசைநாணோ நரம்போ என்றால் இழைகள் ஒரே திசையில் ஓட வேண்டும்; செல் அந்த வழியே நீளும். இரத்தக்குழாயின் உட்பரப்பு என்றால் நெருக்கமான வலையே நல்லது. எண்டோதீலியல் செல்கள் அதன்மேல் தட்டையாகப் பரவினால் போதும். அதே குழாயின் வெளிச்சுவரில் மென்தசைச் செல்கள் உள்ளே போக வேண்டும், அங்கே திறந்த வலை வேண்டும். பல் மருத்துவத்தில் எலும்பு வளர்வதற்காக வைக்கும் தடுப்புப் படலத்துக்கோ, ஈறுத் திசுவின் செல்கள் ஊடுருவாமல் தடுப்பதே வேலை. அங்கே என்னுடைய அந்த "வடிகட்டி" மிகச் சரியான பொருளாக இருந்திருக்கும். நல்ல சாரம், கெட்ட சாரம் என்று பொதுவாக எதுவும் இல்லை. எதற்கு என்பதைப் பொறுத்தே எல்லாம்.

காலத்தைப் பொறுத்தவரை, பாலிகேப்ரோலாக்டோன் உடலுக்குள் கரைந்து மறைய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். லாக்டிக், கிளைக்காலிக் அலகுகள் சரிபாதி கலந்த பி.எல்.ஜி.ஏ. ஓரிரு மாதங்களில் போய்விடும். ஜெலட்டின் இழையோ குறுக்குப் பிணைப்பு, அதாவது சங்கிலிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பிணைப்பு, கொடுக்காவிட்டால் 37 டிகிரி செல்சியஸ் செல் வளர்ப்பு ஊடகத்தில் வைத்ததுமே கரைந்துவிடும். "கொலாஜன் இயற்கையானது, அதையே நூற்கலாமே" என்று பலர் ஆசைப்படுகிறார்கள். வழக்கமாக அதற்குப் பயன்படும் ஹெக்ஸாஃப்ளூரோஐசோபுரொப்பனால் என்ற கரைப்பான் கொலாஜனின் மூவிழை முறுக்கைப் பெருமளவு அவிழ்த்துவிடும். விலையுயர்ந்த கொலாஜனை ஊற்றி, கடைசியில் கையில் கிடைப்பது ஏறக்குறைய ஜெலட்டின்தான். அதற்கு ஜெலட்டினிலேயே தொடங்கிவிடலாம்.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பாலிகேப்ரோலாக்டோன், இனி பி.சி.எல். என்றே சொல்கிறேன். எளிதில் நூற்க வரும், அவ்வளவு சீக்கிரம் கெடாது, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். மூலக்கூறு எடை 80,000 அளவில் உள்ளதை வாங்குங்கள். அதே பெயரில் 10,000 அளவில் விற்பதை வாங்கினால் துளி மட்டுமே தெறிக்கும். சங்கிலிகள் குட்டையாக இருப்பதால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது.

பாதுகாப்பு

இதை வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். உயர்மின்னழுத்தக் கருவி தரும் மின்னோட்டம் மிகச் சிறியதுதான். ஆனால் அணைத்த பிறகும் அதன் மின்தேக்கிகளிலும் தட்டிலும் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆகவே பொத்தானை அணைப்பது, பிறகு காப்பிட்ட கைப்பிடியுள்ள மண்ணிணைப்புக் கோலால் ஊசியையும் தட்டையும் தொடுவது, அதன்பிறகே கையை நீட்டுவது: இந்த வரிசை ஒருநாளும் மாறக் கூடாது. கருவியைச் சுற்றியுள்ள பெட்டியின் கதவைத் திறந்தால் மின்சாரம் தானே நிற்கும்படியான பூட்டு இருக்க வேண்டும். இல்லாத கருவியில் வேலை செய்ய மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தனியாக, இரவு நேரத்தில், யாரும் அருகில் இல்லாமல் இதை ஓட்டாதீர்கள்.

குளோரோஃபார்ம், டைமெதில் ஃபார்மமைடு இரண்டையும் புகைப்போக்கிப் பெட்டிக்குள் மட்டுமே திறக்க வேண்டும். டைமெதில் ஃபார்மமைடு தோல் வழியே உள்ளே போகும், கருவுக்குக் கேடு செய்யும். எல்லாக் கையுறையும் அதைத் தடுக்காது. கையுறைப் பெட்டியில் எழுதியிருக்கும் ஊடுருவல் நேரத்தைப் படியுங்கள். இன்னொன்று: ஊசியை அசிட்டோனால் கழுவி, அந்தக் கழிவைக் குளோரோஃபார்ம் கழிவுப் புட்டியில் ஊற்றும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். புட்டியில் சிறிது காரம் இருந்தால்கூட அந்த இரண்டும் கடும் வெப்பத்தோடு வினைபுரியும். இரண்டுக்கும் தனித்தனிப் புட்டி வையுங்கள்.

கரைசல்

குளோரோஃபார்ம் 7 பங்கு, டைமெதில் ஃபார்மமைடு 3 பங்கு. இந்தக் கலவை 10 மில்லிலிட்டருக்கு 1.2 கிராம் பி.சி.எல்., அதாவது 12 விழுக்காடு. குளோரோஃபார்ம் 61 டிகிரியில் கொதிப்பது, சட்டென்று ஆவியாகும். டைமெதில் ஃபார்மமைடு 153 டிகிரியில் கொதிப்பது. ஊசி முனை காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் காப்பதும், கரைசலின் மின்கடத்தலைக் கூட்டி இழையை மெலிய வைப்பதும் அதுதான். பாலிமரை முதலில் குளோரோஃபார்மில் கரைத்துவிட்டு, பிறகு மற்றதைச் சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும். கண்ணாடிப் புட்டி, டெஃப்லான் பூச்சுள்ள மூடி, காந்தக் கலக்கி, ஓர் இரவு. மூடி சரியாக இல்லாவிட்டால் காலையில் 12 விழுக்காடு 14 ஆகியிருக்கும், ஏன் நேற்றைய இழை இன்று வரவில்லை என்று நாள் முழுதும் தேடுவீர்கள்.

கரைசலின் பதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வோல்ட்டையும் தூரத்தையும் மாற்றிப் பார்ப்பதில் புதியவர்கள் நாட்களைச் செலவிடுகிறார்கள், அவை கண்ணுக்குத் தெரியும் திருகுகள் என்பதால். உண்மையில் இழையின் தடிமனை அதிகம் தீர்மானிப்பது பாலிமரின் செறிவு. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னும் அளவுக்குக் கரைசல் கெட்டியாக இல்லையென்றால், எந்த வோல்ட்டும் உங்களுக்கு இழை தராது. 8, 10, 12, 14 விழுக்காடு என்று நான்கு சிறு புட்டிகளில் செய்து, மற்ற எதையும் மாற்றாமல் நான்கையும் ஒரே நாளில் நூற்றுப் பாருங்கள். குறைந்த செறிவில் இழையில் மணி கோத்ததுபோல உருண்டைகள் வரும். செறிவு கூடக்கூட உருண்டைகள் நீண்டு, பிறகு மறைந்து, பின்னர் இழை தடிக்கத் தொடங்கும். அந்த நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அரை மணி நேரம், கட்டுரைகளைப் படிக்கும் ஒரு வாரத்துக்குச் சமம்.

கொஞ்சம் பழகியபின் அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம் போன்ற, நச்சு குறைந்த கரைப்பான்களுக்கு மாறப் பாருங்கள். ஆனால் ஃபார்மிக் அமிலத்தில் பி.சி.எல். சங்கிலிகள் மெல்ல அறுபடும். அந்தக் கரைசலை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும்.

அமைப்பும் முதல் ஓட்டமும்

கண்ணாடிச் சிரிஞ்சையோ ரப்பர் இல்லாத பாலிபுரொப்பிலீன் சிரிஞ்சையோ எடுத்துக்கொள்ளுங்கள். குளோரோஃபார்மில் ரப்பர் உப்பி, தண்டு சிக்கிக்கொள்ளும். பம்ப் விட்டுவிட்டுத் தள்ளும், இழையும் அப்படியே வரும். பாலிஸ்டைரீன் எதுவும் அருகில் வேண்டாம், அது கரைந்தே போகும். ஊசி, முனை மழுங்கிய 21 கேஜ். திருகிப் பூட்டும் வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அழுத்தத்தில் கழன்று விழும். காற்றுக் குமிழ்களை முழுதாக வெளியேற்றுங்கள்.

தட்டின்மேல் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ஊசி முனைக்கும் தட்டுக்கும் 15 சென்டிமீட்டர். பம்ப் மணிக்கு 1 மில்லிலிட்டர். முதலில் பம்பை ஓடவிட்டு முனையில் ஒரு துளி திரளும்வரை காத்திருங்கள். அதன்பிறகு மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். 8, 9 கிலோவோல்ட் அருகே துளி நீளத் தொடங்கும். அதற்குமேல் எங்கோ ஓர் இடத்தில் தாரை பாயும். 12 முதல் 16 கிலோவோல்ட்டுக்குள் நிலையான கூம்பு அமையும் என்று எதிர்பார்க்கலாம். கருவிக்குக் கருவி எண் மாறும், ஆகவே எண்ணைப் பார்க்காமல் கூம்பைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு விளக்கும் பின்னால் கருப்பு அட்டையும் வைத்தால் தாரை தெளிவாகத் தெரியும். கூம்பு சுருங்கி ஊசிக்குள் போனால் வோல்ட் அதிகம் அல்லது பம்ப் மெதுவு. துளி பெருத்துக் கீழே சொட்டினால் நேர்மாறு.

தாரை பத்து நிமிடம் அசையாமல் நின்றால்தான் உண்மையான சேகரிப்பைத் தொடங்குங்கள். அதுவரை விழுவதை ஒரு தனித் தாளில் பிடித்து எறிந்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 12 விழுக்காடு கரைசல் மணிக்கு 1 மில்லிலிட்டர் என்றால், மணிக்கு 120 மில்லிகிராம் பாலிமர். அது 10-க்கு 10 சென்டிமீட்டர் பரப்பில் முழுதாகப் படிந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 1.2 மில்லிகிராம். பி.சி.எல். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.15 கிராம், படிந்த இழைப் படலத்தில், அதாவது பாயில், 85 விழுக்காடு வெற்றிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிநேரத்தில் சுமார் 70 மைக்ரோமீட்டர் தடிமன். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சாரம் வேண்டுமென்றால் பதினான்கு மணிநேரத்துக்கு மேல் என்று பொருள். அதுவும் படிந்த இழைகளில் மின்னூட்டம் சேர்ந்து, அடுத்து வருவதைத் தள்ளிவிடாமல் இருந்தால். தடித்த எலும்புத் துண்டையே மின்னூற்பில் செய்துவிடலாம் என்ற கனவு எங்கே முட்டி நிற்கிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

இழைகள் ஒரே திசையில் வேண்டுமானால் தட்டுக்குப் பதில் சுழலும் உருளை. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுற்றினால் அதன் பரப்பு வேகம் நொடிக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். வெறும் சுற்று எண்ணிக்கையை மட்டும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். விட்டம் தெரியாவிட்டால் அதற்கு அர்த்தமில்லை.

தவறுகளைப் படிப்பது

தட்டில் ஈரப் பளபளப்பும், இழைகள் உருகி ஒட்டியதுபோன்ற தோற்றமும் இருந்தால், கரைப்பான் வழியில் ஆவியாகவில்லை. தூரத்தை 20 சென்டிமீட்டர்வரை கூட்டுங்கள், அல்லது பம்பை மெதுவாக்குங்கள். முனையில் வெள்ளையாகத் தோல் கட்டித் தாரை நின்றுபோனால், கரைப்பான் அவசரமாக ஆவியாகிறது. மெதுவாக ஆவியாகும் கரைப்பானின் பங்கைக் கூட்டுங்கள். இழையின் மேற்பரப்பில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் இருந்தால் காற்றில் ஈரம் அதிகம். எளிதில் ஆவியாகும் கரைப்பான் இழையின் பரப்பைக் குளிர்விக்க, அதன்மேல் நீர்த்துளிகள் படிந்து அச்சு விட்டுப் போகின்றன. சிலர் இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. இழைகள் தட்டை விட்டுவிட்டுப் பெட்டிச் சுவருக்கும் பம்புக்கும் பறந்தால், மண்ணிணைப்பைச் சோதியுங்கள். பத்தில் எட்டு முறை கம்பி கழன்றிருக்கும்.

ஈரப்பதத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. "போன மாதம் வந்த இழை இந்த மாதம் வரவில்லை" என்று யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது, இரண்டு நாளும் ஈரப்பதம் எவ்வளவு என்பதுதான். பெரும்பாலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பெட்டிக்குள் ஓர் ஈரமானி வையுங்கள். 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே நில்லுங்கள். தேதி, வெப்பம், ஈரப்பதம், பாலிமரின் தொகுதி எண், கரைசல் செய்த நாள்: இந்த ஐந்தும் இல்லாத பக்கம் குறிப்பேட்டில் இருக்கக் கூடாது. ஒரு நாளில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள்.

அளப்பது

பாயின் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து சிறு துண்டுகள் வெட்டி, தங்கப் பூச்சுக் கொடுத்து, ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். கற்றையின் ஆற்றலை 5 கிலோவோல்ட் அளவில் குறைத்து வையுங்கள், பி.சி.எல். 60 டிகிரியிலேயே உருகும், அதிக ஆற்றலில் கண்ணெதிரே இழை நெளிந்து அறும். இமேஜ்ஜே மென்பொருளில் குறைந்தது 100 இழைகளை அளங்கள். அழகாகத் தெரியும் இழையைத் தேடித் தேடி அளப்பது எல்லோருக்கும் வரும் சபலம். படத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, அதை வெட்டும் எல்லா இழைகளையும், தடித்ததோ கோணலோ, விடாமல் அளங்கள். சராசரியோடு திட்ட விலக்கத்தையும் எழுதுங்கள்.

வெற்றிடத்தின் அளவை அறிய நுண்ணோக்கி வேண்டாம், தராசு போதும். ஒரு வட்டத் துண்டை வெட்டி எடையும் தடிமனும் அளந்து, அடர்த்தியைக் கணக்கிட்டு, பாலிமரின் அடர்த்தியோடு ஒப்பிட்டால் வெற்றிடத்தின் விழுக்காடு கிடைத்துவிடும். தடிமன் அளக்கும்போது கருவியால் பாயை நசுக்கிவிடாதீர்கள்.

இடைவெளி

என்னை அன்று ஏமாற்றியது இதுதான். என் பாயில் 85 விழுக்காடு வெற்றிடம் இருந்தது. அவ்வளவு வெறுமை இருந்தும் செல் ஏன் உள்ளே போகவில்லை? வெற்றிடத்தின் மொத்த அளவு வேறு, ஒவ்வொரு திறப்பின் அகலம் வேறு. ஒரே விழுக்காடு வெற்றிடமுள்ள பாய்களில், திறப்பின் அகலம் இழையின் தடிமனோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. 500 நானோமீட்டர் இழையென்றால் திறப்புகள் சில மைக்ரோமீட்டர்தான். 5 மைக்ரோமீட்டர் இழையென்றால் அவை பல பத்து மைக்ரோமீட்டர். மிதக்கும் நிலையில் செல்லின் விட்டமோ 10 முதல் 20 மைக்ரோமீட்டர். இழையை மெலியவைக்க நான் பாடுபட்ட ஒவ்வொரு நாளும், கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டிருந்தேன்.

மெல்லிய இழைக்கு ஏன் இவ்வளவு மோகம் என்றால், அதற்கும் நியாயம் உண்டு. உடலிலுள்ள கொலாஜன் நாரிழைகள் பெரும்பாலும் 50 முதல் 500 நானோமீட்டர். அந்த அளவுள்ள பரப்பில் செல் நன்றாகப் பற்றிக்கொள்கிறது, ஊடகத்திலுள்ள புரதங்களும் அதிகம் படிகின்றன. ஆகவே இரண்டும் வேண்டும்: பிடிக்க மெல்லிழை, போக வழி. அதற்குப் பல உத்திகள் இருக்கின்றன.

புதியவர் முதலில் முயல வேண்டியது, கரைந்துபோகும் துணையிழை. இரண்டாவது ஊசியில் பாலிஎத்திலீன் ஆக்சைடை வைத்து, இரண்டையும் ஒரே உருளையில் சேர்த்து நூற்கிறோம். பிறகு பாயைத் தண்ணீரில் நனைத்தால் துணையிழை கரைந்துபோய், அது இருந்த இடம் வழியாகிறது. பாதிக்கு மேல் துணையிழை சேர்த்தால்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் அளவு மிஞ்சினால் மீதியிருக்கும் வலை தளர்ந்து அமுங்கிவிடும். கலந்து நூற்ற பின்பும் கரைத்த பின்பும் எடையைப் பார்த்து, எவ்வளவு போயிற்று என்பதை உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது, தடித்த இழையையும் மெல்லிய இழையையும் அடுக்கடுக்காகவோ கலந்தோ நூற்பது. தடித்தவை இடத்தைத் திறந்து வைக்கும், மெல்லியவை செல்லுக்குப் பிடிமானம் தரும். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் புதுக் கருவி எதுவும் வேண்டாம். 12 விழுக்காடும் 18 விழுக்காடும் என்று இரண்டு புட்டிகள் போதும். மூன்றாவது, சேகரிக்கும் உருளையை உறைநிலைக்குக் கீழே குளிர்வித்து, படியும் பனிப்படிகங்களே இடம் பிடித்து வைக்கும்படி செய்வது. பலன் நன்றாக இருக்கும், ஆனால் ஈரப்பதம் சற்று மாறினாலும் முடிவும் மாறிவிடும். முதல் ஆண்டில் வேண்டாம். உருகிய பாலிமரைக் கணினிவழி இயக்கத்தோடு கோடு கோடாக அடுக்கும் முறையும் இருக்கிறது. அதில் திறப்பின் அகலத்தை நீங்களே வரையலாம். இழை பொதுவாகச் சில மைக்ரோமீட்டரிலிருந்து பல பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும், கரைப்பானே தேவையில்லை. ஆழமான ஊடுருவல்தான் உங்கள் இலக்கு என்றால், மின்னூற்பில் மல்லுக்கட்டாமல் நேரே அங்கே போய்விடுவது அறிவுடைமை.

உலர்த்தலும் கிருமி நீக்கமும்

வாசனை இல்லை என்பதால் கரைப்பான் போய்விட்டது என்று நம்பாதீர்கள். வெற்றிட அடுப்பில், அறை வெப்பத்தில், இரண்டு நாள் வையுங்கள். மருந்துகளில் எஞ்சிய கரைப்பானுக்கான பன்னாட்டு நெறிமுறையில் குளோரோஃபார்முக்கு அனுமதிக்கப்படும் அளவு பத்து லட்சத்தில் 60 பங்கு மட்டுமே. டைமெதில் ஃபார்மமைடுக்கு 880 பங்கு. செல்கள் முதல் நாளே செத்தால் பாலிமரைப் பழிக்கும் முன் இதைச் சந்தேகியுங்கள்.

அழுத்தக் கொதிகலனில், அதாவது ஆட்டோகிளேவில், பி.சி.எல். பாயை வைக்கவே கூடாது. அங்கே 121 டிகிரி. பாய் உருகிக் கண்ணாடித் துண்டுபோலாகிவிடும். செல் ஆய்வுக்கு 70 விழுக்காடு எத்தனாலில் அரை மணி, பிறகு இருபுறமும் புற ஊதா ஒளி, பிறகு மலட்டு உப்புக்கரைசலில் மூன்று முறை கழுவல் போதும். இது வித்துநிலைப் பாக்டீரியாவைக் கொல்லாது என்பதை மறக்கக் கூடாது. விலங்குக்குள் வைக்கப்போகும் சாரத்துக்கு எத்திலீன் ஆக்சைடு வாயுவோ காமாக் கதிரோ வேண்டும். காமாக் கதிர் பாலிமர்ச் சங்கிலிகளை வெட்டுவதால், கதிரூட்டிய பிறகு வலிமையை மறுபடி அளக்க வேண்டும்.

பி.எல்.ஜி.ஏ. எடுத்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நூற்கும்போது இழுபட்டு உறைந்த சங்கிலிகள், 37 டிகிரி ஊடகத்தில் இளகிப் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். பாய் கண்ணெதிரே சுருங்கி, திறப்புகள் மூடிவிடும். செல் விதைக்கும் முன்பே 2-க்கு 2 சென்டிமீட்டர் துண்டை உப்புக்கரைசலில் 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து, மறுநாள் பக்கங்களை அளந்து பாருங்கள்.

செல் விதைப்பு

பி.சி.எல். பாய் தண்ணீரை ஏற்காது. துளி விட்டால் முத்துப்போல உருண்டு நிற்கும். எத்தனாலில் நனைத்ததும் உலரவிடாமல் அப்படியே உப்புக்கரைசலுக்கு மாற்றினால், நீர் திறப்புகளுக்குள் போய்விடும். இடையில் உலர்ந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான். பிளாஸ்மாச் சிகிச்சை (மின்னூட்டம் பெற்ற வாயுவைப் பரப்பில் படவைப்பது) கொடுத்தால் பரப்பே நீரை விரும்பும். அந்த விளைவு நாளாக ஆக மங்கும், எனவே உடனே பயன்படுத்துங்கள். விதைக்கும் முந்திய இரவு சீரம் கலந்த ஊடகத்தில் ஊறவைப்பதும் நல்லது.

பாய் ஊடகத்தில் மிதக்கும். மலட்டுக் கண்ணாடி வளையமோ துருப்பிடிக்காத எஃகு வளையமோ வைத்து அடியில் அழுத்துங்கள். செல்களைச் செறிவாக, 30 முதல் 50 மைக்ரோலிட்டர் துளியில் பாயின் நடுவே வைத்து, இன்குபேட்டரில் ஒன்றரை மணி நேரம் பற்றிக்கொள்ள விடுங்கள். பிறகு மெதுவாக ஊடகத்தை நிரப்புங்கள்.

மறுநாள் பாயை வளர்ப்புத் தட்டின் புதிய குழிக்கு மாற்றிய பிறகே உயிர்த்திறன் சோதனை, அதாவது உயிருள்ள செல்களைச் சாயத்தால் அளக்கும் சோதனை, செய்யுங்கள். விதைக்கும்போது வழிந்த செல்கள் பழைய குழியின் அடியில் செழித்து வளர்ந்திருக்கும். அவற்றையும் சேர்த்து அளந்துவிட்டு, சாரம் அருமையாக வேலை செய்கிறது என்று எழுதுவது மிக எளிதாக நடக்கும் தவறு. செல்லே இல்லாத வெறும் பாயையும் அதே சாயத்தில் போட்டுப் பாருங்கள், பாய் சாயத்தை உறிஞ்சும். முதல், மூன்றாம், ஏழாம் நாள்களில் அளந்தால் வளர்ச்சியின் போக்குத் தெரியும். நச்சுத்தன்மைக்கான ஐ.எஸ்.ஓ. 10993-5 தரப்படி, உயிர்த்திறன் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தப் பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். மேலிருந்து எடுத்த ஒளிர் படம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பதினான்காம் நாள் ஒரு துண்டை உறைய வைத்து, குறுக்காக மெல்லியதாகச் சீவி, செல் உட்கருவுக்குச் சாயமேற்றுங்கள். மேல் விளிம்பிலிருந்து ஒவ்வொரு உட்கருவும் எத்தனை மைக்ரோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, ஒரு வரைபடம் போடுங்கள். முதல் முறை அந்தப் புள்ளிகள் எல்லாம் மேலேயே குவிந்திருக்கும். துணையிழையின் பங்கைக் கூட்டி, அல்லது தடித்த இழையைச் சேர்த்து, மறுபடி நூற்று, அதே வரைபடத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.